எஞ்சினுக்குக் காத்திருந்த மருத்

திருப்பதியிலிருந்து சித்தூர் வழியாக மேற்கே செல்லும் சாலை பெங்களூரை அடைகிறது. இந்தியா தானே உருவாக்கிய முதல் ஜெட் போர் விமானம் அந்நகரில்தான் பிறந்தது. அதன் வரலாற்றை இன்று நாம் நினைவுகூர்வதற்குக் காரணம் உண்டு. ரேடாருக்கு எளிதில் புலப்படாத அடுத்த தலைமுறைப் போர் விமானத் திட்டத்துக்கு 2024-இல் மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. அவ்விமானத்தில் எதற்கு முதலிடம் தருவது? பழைய கதையே விடை கூறும்.

1956-இல் ஜெர்மானிய நிபுணர் குர்ட் டாங்க் பெங்களூர் விமானத் தொழிற்சாலைக்கு வந்தார். ஒலியைப்போல் இருமடங்கு வேகத்தில் பறக்கும் விமானம் வேண்டும் என்பது விமானப்படையின் கோரிக்கை. முதலில் எஞ்சினற்ற மரக் கிளைடர் ஒன்றை முழு அளவில் செய்து 1959-இல் பறக்கவிட்டுச் சோதித்தனர். 1961 ஜூன் 17-ஆம் நாள் அசல் விமானத்தைச் சுரஞ்சன் தாஸ் முதன்முதலாகச் செலுத்தினார். வேதம் கூறும் காற்றுத் தேவர்களின் பெயரால் அது ‘மருத்’ எனப்பட்டது.

உடல் தயாராயிற்று, அதற்கேற்ற உயிர் வரவில்லை. மருத்துக்கென எண்ணியிருந்த வலிய பிரிட்டிஷ் எஞ்சினை உருவாக்கி முடிக்கும் செலவை நம் அரசு ஏற்கவில்லை. வலிமை குறைந்த ஆர்ஃபியஸ் எஞ்சின்கள் இரண்டு பொருத்தப்பட்டன. எகிப்திய எஞ்சினை நாடிய முயற்சியும் பலிக்கவில்லை. 1970 ஜனவரி 10-ஆம் நாள், உந்துவிசை கூட்டிய மருத் ஒன்றைச் சோதிக்கையில் சுரஞ்சன் தாஸ் உயிர் நீத்தார். 1971-ஆம் ஆண்டுப் போரில் தரைத் தாக்குதலில் மருத் நற்பெயர் பெற்றது. ஆயினும், ஒலியின் வேகத்தை எட்டவே அது திணறியது. 147 விமானங்களோடு உற்பத்தி நின்றது.

2001-இல் முதன்முதல் பறந்த தேஜஸும் அமெரிக்க எஞ்சினோடுதான் எழுந்தது. நம் காவேரி எஞ்சின் அதற்கு ஆயத்தமாகவில்லை. ஜெட் எஞ்சினின் சுழல் தகடுகள், உலோகமே உருகத்தக்க வெப்பத்தில் இடைவிடாது சுழல வேண்டும். அத்தகைய கலப்பு உலோகமும், தகட்டினுள் குளிர்காற்று செல்லும் நுண்வழிகளும் பல்லாண்டு உழைப்பின்றிக் கைகூடா.

ஆயினும் நாம் சோர்வடைய வேண்டுவதில்லை. இதே திருப்பதி மாவட்டத்தின் கிழக்குக் கரையில் ஸ்ரீஹரிகோட்டா இருக்கிறது. 1993-இல் ருஷ்யா கிரையோஜெனிக் நுட்பத்தைத் தர மறுத்தது. 2010-இல் நாமே செய்த எஞ்சின் தோல்வியுற்றது. 2014 ஜனவரி 5-ஆம் நாள் அது வென்றது. ராக்கெட் வேறு, விமானம் வேறு, பாடம் ஒன்றே. மறைந்து பறக்கும் வடிவமும், கூரிய ரேடாரும் வேண்டியவையே. அவற்றைச் சுமந்து செல்லும் எஞ்சினுக்கு முதலில் பொருளும் பொறுமையும் அளிப்போமாக!