முத்திரையும் சான்றிதழும்

சிலப்பதிகாரத்துப் புறஞ்சேரியிறுத்த காதையில், மாதவி விடுத்த ஓலையைக் கோசிகன் கோவலனிடம் கொடுக்கின்றான். பிரித்துப் படிக்குமுன்னரே அஃது எவருடைய ஓலை என்பது கோவலனுக்குத் தெரிந்துவிடுகின்றது. மண் இலச்சினையிற் படிந்திருந்த கூந்தலின் மணம் அதனைக் காட்டிவிட்டது. அனுப்பியவர் இன்னார், இடையில் எவரும் பிரித்திலர் என்னும் இரண்டனையும் அச்சிறிதளவு மண்ணே மெய்ப்பித்தது. கடாரத்தரசன் நாகையில் எடுப்பித்த சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் அளிக்கப்பெற்றதைக் கூறும் செப்பேடுகளின் வளையத்தில் இராசேந்திர சோழன் முத்திரை இருப்பதும் இந்நோக்கம் பற்றியே.

இக்காலத்துக் கணினிகளும் இவ்வாறே ஒன்றையொன்று அறிகின்றன. ஒரு தளம் தன் பொதுத்திறவைச் சான்றிதழிற் பொதிந்து காட்டும். அதன்மீது சான்றளிக்கும் நிறுவனம் ஒன்றின் கையொப்பம் இருக்கும். மறைதிறவோ தளத்தாரை விட்டு வெளியே செல்லலாகாது. கோவலன் மாதவியை முன்னரே அறிந்தவன். கணினி எவரையும் அறியாது. ஆகலின் நம்பத்தக்க நிறுவனங்களின் பட்டியலை அதற்கு முன்கூட்டியே கொடுத்து வைக்கின்றனர். இடர் பிறப்பது இப்பட்டியலிலேதான்.

இதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. மலேசியாவில் மின்கையொப்பச் சட்டம் 1997இல் இயற்றப்பட்டது. இந்நாட்டில் சான்றிதழ் வழங்கிவந்த டிஜிசெர்ட் நிறுவனம் (இதே பெயருடைய அமெரிக்க நிறுவனம் வேறு) அளித்த 22 சான்றிதழ்கள் பழுதுடையன என்பது 2011 நவம்பரில் வெளிப்பட்டது. அவற்றின் திறவு 512 பிட் அளவினது. அவ்வளவுள்ள எண்ணை 1999 ஆகஸ்டிலேயே ஆய்வாளர் காரணிப்படுத்திக் காட்டிவிட்டனர். சான்றிதழ் எதற்குரியது என்னும் வரம்பும் எழுதப்படவில்லை. அது செல்லாதாக்கப்பட்டதா என அறியும் வழியும் குறிக்கப்படவில்லை.

அம்மாதத்திலேயே பின்லாந்தின் எப்-செக்யூர் நிறுவனம் ஒரு தீநிரலைக் கண்டறிந்தது. அதன்மீது இருந்தது மார்டி என வழங்கும் மலேசிய வேளாண் ஆராய்ச்சி நிலையத்தின் கையொப்பம்! சுங்கை புரோங், தஞ்சோங் காராங் நெல் உழவர் நன்கறிந்த பெயர் அது. திறவு முன்பே களவு போயிற்று என்றனர் அதிகாரிகள்; களவே வேண்டா, 512 பிட் திறவைக் கணக்கிட்டே கண்டுபிடித்திருக்கலாம் என்றனர் வேறு சிலர். எங்ஙனமாயினும், வரம்பு எழுதப்படாமையால் தளத்துக்கென அளித்த சான்றிதழ் நிரலுக்கும் செல்லுபடியாயிற்று. நிலக்கொடைக்கு இட்ட முத்திரையைக் கொண்டு படைக்கு ஆணை விடுத்தாற்போன்றது இது. மொஸில்லாவும் மைக்ரோசாப்டும் அந்நிறுவனத்தின் மீதிருந்த நம்பிக்கையை விலக்கின.

உலாவிகள் விழித்துக்கொண்ட அளவுக்கு ஏனைய கருவிகள் விரைந்து விழிக்கவில்லை. 1985இல் வெளிவந்த ஈமாக்ஸ் என்னும் எழுத்துத் தொகுப்பி, மடல் படிக்கவும் துணைநிரல்களைத் தருவிக்கவும் வலையோடு இணைவது. 2012இல் வந்த 24ஆம் பதிப்பில் மறையிணைப்பு உள்ளமைந்தது. ஆயினும் பழுதான சான்றிதழை அது தானாக மறுக்கவில்லை. பூட்டு உண்டு, வருபவர் யாரெனக் கேட்பாரில்லை! 2016 செப்டம்பரில் வந்த 25ஆம் பதிப்பிலேதான் இணைப்புக் காவல் என்னும் பகுதி சேர்ந்தது. அது சான்றிதழை ஆராய்ந்து, ஐயம் தோன்றின் பயனரை வினவும். நம்பிக்கைப் பட்டியற் கோப்பு டெபியனில் ஓரிடத்தும் பெடோராவில் வேறோரிடத்தும் இருத்தலால், அவ்விடங்களையெல்லாம் ஈமாக்ஸ் தேடிப் பார்க்கின்றது. ஓர் அலுவலகம் தானே சான்றளித்துக்கொள்ளுமாயின், அதன் கோப்பின் பெயரைப் பயனர் அவ்விடங்களோடு சேர்த்தெழுத வேண்டும். காவலையே நிறுத்திவிடுவோரும் உளர். அது வாயிற்காவலனை வீட்டுக்கனுப்பிவிட்டுக் கதவு இருக்கிறதே என்று உறங்குவதாகும். வினாவுக்கு 'எப்பொழுதும் ஏற்க' என விடையளித்தால் அச்சான்றிதழின் அடையாளம் பதிந்துவைக்கப்படுகின்றது. பின்னொரு நாள் அதே பெயரில் வேறு சான்றிதழ் வந்து நின்றால் ஈமாக்ஸ் மீண்டும் வினவும்.