கன்னா கேட்ட ஒரு கேள்வி

1975 ஜூன் 25 இரவு நெருக்கடி நிலை பிரகடனமானது. இரண்டே நாளில் குடியரசுத் தலைவரின் ஆணை ஒன்றும் வெளியானது. அரசியலமைப்பின் 14, 21, 22 ஆகிய பிரிவுகள் தரும் உரிமைகளுக்காக இனி யாரும் நீதிமன்றப் படியேற முடியாது என்றது அது. உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டமான மிசாவில் பிடிபட்டவர்களின் ஆட்கொணர்வு மனுக்களை விசாரிக்கலாம் என்று ஒன்பது உயர் நீதிமன்றங்கள் துணிந்து சொல்லிவிட்டன. அரசு உச்ச நீதிமன்றத்துக்கு ஓடியது. அதுதான் ஜபல்பூர் வழக்கு.

ஐந்து நீதிபதிகள் அமர்வு. அதில் பணிமூப்பில் இரண்டாமவர் ஹன்ஸ் ராஜ் கன்னா. 1912-ல் அமிர்தசரஸில் பிறந்து, மாவட்ட நீதிபதியாகத் தொடங்கி, பஞ்சாப், டெல்லி உயர் நீதிமன்றங்கள் வழியாக 1971-ல் உச்ச நீதிமன்றம் வந்தவர்.

அட்டர்னி ஜெனரல் நிரேன் டே வாதாடிக்கொண்டிருந்தபோது கன்னா குறுக்கிட்டார். 21-ஆவது பிரிவு உயிரையும் காக்கிறதே, சொந்தப் பகைக்காக ஒரு போலீஸ்காரர் ஒருவரைக் கொன்றுவிட்டால் அப்போதும் நீதிமன்றத்தில் பரிகாரம் கிடையாதா என்று கேட்டார். நெருக்கடி நிலை இருக்கும்வரை கிடையாது என்றார் டே. அரசின் வாதம் எங்கே கொண்டுபோய் விடும் என்பது அந்த ஒரு பதிலில் அம்பலமாகிவிட்டது. அதைக் கேட்ட பிறகும் மற்ற நால்வரும் அரசின் பக்கமே நின்றார்கள் என்பதை இன்று படித்தாலும் மனம் ஆறவில்லை.

1976 ஏப்ரல் 28-ல் தீர்ப்பு. கன்னா மட்டும் மாறுபட்டார். உயிர் வாழும் உரிமை 21-ஆவது பிரிவு போட்ட பிச்சையல்ல. அந்தப் பிரிவே இல்லாவிட்டாலும் சட்டத்தின் அதிகாரமின்றி ஒருவரின் உயிரையோ சுதந்திரத்தையோ அரசு பறிக்க முடியாது என்பது அவர் வாதத்தின் சாரம். இந்தத் தீர்ப்பு தலைமை நீதிபதி பதவியைப் பறித்துவிடும் என்று முன்கூட்டியே தன் சகோதரியிடம் சொல்லியிருந்தார். அப்படியே நடந்தது. 1977 ஜனவரியில் தலைமை நீதிபதி ஏ.என். ரே ஓய்வுபெற்றதும் கன்னாவைத் தாண்டி, பணிமூப்பில் அவருக்கு இளையவரான நீதிபதி பெக்கை அந்தப் பதவியில் அமர்த்தியது அரசு. கன்னா ராஜினாமா செய்தார். ஜூலை வரை பதவிக்காலம் இருந்தது.

1982-ல் எதிர்க்கட்சிகளின் வேட்பாளராகக் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்று ஜெயில் சிங்கிடம் தோற்றார். 2008-ல் காலமானார். ஜபல்பூர் தீர்ப்பை 2017-ல்தான் உச்ச நீதிமன்றம் தூக்கியெறிந்தது. கன்னாவின் நிலைப்பாட்டை ஏற்று அப்படி எழுதியவர் டி.ஒய். சந்திரசூட், 1976-ல் பெரும்பான்மைப் பக்கம் நின்ற நால்வரில் ஒருவரான ஒய்.வி. சந்திரசூட்டின் மகன்.

கன்னாவின் பெயரைச் சட்ட மாணவர்கள் முதலில் படிப்பது வேறொரு வழக்கில். 13 நீதிபதிகள் அமர்ந்து, ஏழுக்கு ஆறு என்று முடிந்த கேசவானந்த பாரதி வழக்கு அது. அடுத்த வாரம் அங்கே போவோம்.