பல்லாவரம் சந்தையில் கிடைத்த இழைப்புளி

பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தை முன்னே மாட்டுச் சந்தையாக இருந்தது என்று அப்பா சொல்வார். இப்போ செடி, கோழி, பழைய ஃபேன், யார் வீட்டுக் கட்டிலோ, எல்லாம் கிடைக்கும். போன தை மாசம் இரும்புக் குவியலில் துரு மூடிக் கிடந்த ஒரு இழைப்புளியை முந்நூறு ரூபாய்க்கு வாங்கினேன்.

பழைய கருவி கிடைப்பது பல்லாவரத்துக்குப் புதுசில்லை. 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியல் துறை வெள்ளைக்காரர் இங்கேதான் கல் கோடாரியைக் கண்டெடுத்தார். நம்ம நாட்டில் பழைய கற்கால மனுஷன் வாழ்ந்தான் என்று காட்டிய முதல் கருவி அது.

எனக்கு இழைப்புளி தேவைப்பட்டது கதவுக்காக. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாறு முடிச்சூர் பக்கம் புகுந்ததை நீங்க டிவியில் பார்த்திருப்பீங்க. அன்றைக்கு ஊறின எங்க வாசக்கதவு மழைக்கு மழை இறுக்குது. எங்க ஆசாரியின் மர இழைப்புளிகளும் அந்தத் தண்ணியில் ஊறி, வெயிலில் காய்ந்து, வாய் பிளந்துவிட்டன. அதோடு வேலையை விட்டுவிட்டார்.

அவர் கருவிகள் எல்லாம் அவரே செய்தவை. மரக்கட்டையில் தகட்டைச் செருகி ஆப்பு அடிப்பார். தகட்டைத் தட்டினால் ஆழமாகச் சீவும், கட்டையின் பின்பக்கம் தட்டினால் தகடு மேலே ஏறும். ரோமாபுரிக்காரர்களிடமும் இழைப்புளி இருந்தது, எரிமலை மூடின பாம்பேய் நகரத்தில் கிடைத்திருக்கிறது. தட்டுவதற்குப் பதிலாக ஒரு பித்தளைத் திருகைச் சுற்றி மயிரிழை அளவு தகட்டை இறக்கும் வழியை அமெரிக்காவின் லெனார்ட் பெய்லி 1867-ல் பதிவு செய்தார். 1869-ல் ஸ்டான்லி கம்பெனி அவர் உரிமைகளை வாங்கிக்கொண்டது.

டீசலில் ரெண்டு நாள் ஊறப்போட்டு, கண்ணாடிப் பலகையில் உப்புத்தாள் ஒட்டி அடிப்பாகத்தைத் தேய்த்தேன். தோள்பட்டை விட்டுப்போச்சு. துருவுக்கு அடியில் ஸ்டான்லி, 4 என்ற எண், மேட் இன் இங்கிலாந்து. ஸ்டான்லி 1936-க்குப் பிறகுதான் இங்கிலாந்தில் இழைப்புளி செய்தது, அதனால் இது அதற்கு முந்தினதாக இருக்காது.

தகடு பாதிக்கு மேல் தேய்ந்திருந்தது. தீட்டித் தீட்டியே யாரோ ஒருத்தர் ஒரு ஆயுசைக் கழித்திருக்கிறார். மரக் கைப்பிடியில் 'கோ' என்று தமிழில் வெட்டியிருந்தது. ஆசாரியிடம் கொடுத்தேன். அந்த எழுத்தைக் கட்டைவிரலால் தடவி, "நம்ம ஆளுதாம்பா" என்றார்.

தகட்டைத் தீட்டி, சுத்தியை எடுத்து டொக் டொக்கென்று தட்டினார். "அதுக்கு திருகு இருக்குண்ணே" என்றேன். காதில் வாங்கவில்லை. கதவு ஓரத்திலிருந்து சீவல் அப்பளம் மாதிரி சுருண்டு விழுந்தது.

ஒரு வாரம் வெச்சிருந்து தரேன் என்று கொண்டு போனார். ரெண்டு மாசம் ஆச்சு. நான் கேட்கவில்லை.