மலையேறாத கையெழுத்து

ஜமுனாமரத்தூரில் மாணவர்களோடு இ-சேவை மையத்துக்குப் போகும்போதெல்லாம் நாங்கள் எதிர்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: "ஆன்லைன்ல போட்டாச்சே, சாதிச் சான்றிதழ் ஏன் இன்னும் வரல?" பதில் கணினியில் இல்லை, வரலாற்றில் இருக்கிறது.

ஜவ்வாது மலையின் மலையாளிகள் கேரளத்தவர் அல்லர். மலையில் வாழ்வதால் வந்த பெயர் அது. பழங்குடிப் பட்டியல் அவர்களைத் தருமபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சி என்று மாவட்டத்தோடு சேர்த்தே குறிப்பிடுகிறது. அன்றைய கோவை மாவட்டம் அதில் இல்லை. அதனால்தான் இன்று ஈரோட்டில் உள்ள பர்கூர் மலையின் மலையாளிகள் பழங்குடிச் சான்று கேட்டு நீண்டகாலமாகப் போராடுகிறார்கள். எந்த இணையதளமும் இந்தப் பட்டியலைத் திருத்திவிடாது.

1989 நவம்பர் வரை பழங்குடிச் சான்றையும் வட்டாட்சியரே கொடுத்தார். பிறகு அந்த அதிகாரம் வருவாய்க் கோட்டாட்சியருக்குப் போனது. காரணம், பெருகிய போலிச் சான்றுகள். பட்டியல் சாதியினருக்கு இன்றும் வட்டாட்சியர் கையெழுத்து போதும். போலிச் சான்று வாங்கியவர்கள் யாரோ. அலைவது உண்மையான பழங்குடிகள்.

போளூரிலிருந்து பிரிந்து ஜமுனாமரத்தூர் தனி வட்டமானபோது வட்டாட்சியர் அலுவலகம் மலைக்கு வந்தது. கோட்டாட்சியரின் கையெழுத்து கீழேயே நின்றுவிட்டது.

இ-சேவை வந்தபின் 60 ரூபாய் கட்டினால் மனு பதிவாகிவிடும். ஆனால் விஏஓ, வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர், கோட்டாட்சியர் என்ற பழைய படிகள் அப்படியே இருக்கின்றன. முன்பு வரிசை அலுவலக வாசலில் நின்றது, கண்ணுக்குத் தெரிந்தது. இப்போது திரைக்குள் நிற்கிறது. ஓடிபி வரவேண்டிய போனுக்குப் பல ஊர்களில் சிக்னல் இல்லை. 1977இல் யுரேனஸின் வளையங்களைப் பதிவுசெய்த காவலூர் வானாய்வகம் இருப்பதும் இதே மலைத்தொடரில்தான்!

இது வெறும் காகிதப் பிரச்சினை அல்ல. மெட்ரிக் பிந்தைய உதவித்தொகை 1944இல் பட்டியல் சாதியினருக்கும், சில ஆண்டுகளில் பழங்குடியினருக்கும் கிடைத்தது. சான்று தாமதமானால் அந்த உரிமையும் கல்லூரி இடமும் கைநழுவும்.

தோழர்களே, மனு எண்ணை எழுதி வைக்கச் சொல்லுங்கள். எந்தப் படியில் நிற்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தகவல் உரிமைச் சட்டம் 2005இன்படி 10 ரூபாய் கட்டணத்தில் மனுப் போட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். அதே சட்டத்தின் 4ஆம் பிரிவு, யாரும் கேட்காமலேயே தகவலை வெளியிடும் கடமையை அலுவலகங்களுக்கு விதிக்கிறது.

இணையம் மனுவை மலையிலிருந்து கீழே கொண்டுபோய்விட்டது. கையெழுத்தை மலையேற்றுவது நம் வேலை.