அலாஸ்கா ரயில்: லாபக் கணக்கில் அடங்காத பாதை

அமெரிக்காவின் வடகோடியான அலாஸ்காவுக்குக் கோடையில் குடும்பத்தோடு சுற்றுலா போகிறவர்கள் விரும்பி ஏறும் ரயில் ஒன்று உண்டு. காலையில் ஆங்கரேஜ் நகரில் கிளம்பி இரவு எட்டு மணிவாக்கில் ஃபேர்பேங்க்ஸ் போய்ச் சேரும். தூரம் 356 மைல்தான், ஆனால் கிட்டத்தட்ட 12 மணி நேரப் பயணம்! கண்ணாடிக் கூரை போட்ட பெட்டியில் உட்கார்ந்து பனிமலை, ஆறு, மூஸ் என்கிற பெரிய மான் என்று வேடிக்கை பார்த்துக்கொண்டே போகலாம். மேகம் விலகினால் 20,310 அடி உயர டெனாலி சிகரமும் தெரியும். ஆனால் இந்தப் பாதை வேடிக்கை பார்க்கப் போட்டதல்ல.

முதலில் இறங்கியவர்கள் தனியார்தான். 1903-இல் தென்கரையில் உள்ள சூவர்ட் துறைமுகத்திலிருந்து வடக்கே தண்டவாளம் போடத் தொடங்கினார்கள். சுமார் 50 மைல் போவதற்குள் கம்பெனி திவால். 1906-இல் அலாஸ்காவின் நிலக்கரி நிலங்களை அரசு மூடிவிட்டதும் ஒரு காரணம். நிலக்கரியை ஏற்றிச் சம்பாதிக்கலாம் என்று வந்த கம்பெனி, தன் எஞ்சினுக்கே வெளியிலிருந்து கரி வாங்க வேண்டிய நிலை! பின்னால் வந்த கம்பெனியும் 71-ஆவது மைலோடு நின்றுபோனது.

வணிகக் கண்ணோடு பார்த்தால் கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆள் இல்லை, சரக்கு இல்லை, ஆண்டில் பாதி நாள் பனி. ஆனால் 1914-இல் அதிபர் உட்ரோ வில்சன் கையெழுத்திட்ட சட்டத்தின்படி அரசே ரயில் போட முன்வந்தது. ஒதுக்கிய பணம் மூன்றரைக் கோடி டாலர். முடியும்போது ஆறு கோடியைத் தாண்டிவிட்டது. பனாமா கால்வாய் வேலை அப்போதுதான் முடிந்திருந்ததால் அங்கிருந்த இயந்திரங்களில் பல இங்கே வந்து சேர்ந்தன. வேலை தேடி வந்தவர்கள் ஓர் ஓடைக்கரையில் கூடாரம் அடித்தார்கள். 1915-இல் அங்கே மனை ஏலம் விட்டபோது, மனையில் மது விற்றாலோ சூதாட்டம் நடத்தினாலோ பறிமுதல் என்று நிபந்தனை போட்டது அரசு. அந்தக் கூடார ஊர்தான் இன்றைய ஆங்கரேஜ்.

இந்த நிலத்துக்கு ஏற்கெனவே சொந்தக்காரர்கள் இருந்தார்கள் என்பதைப் பலரும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். அதே 1915 ஜூலையில், டனனா ஆற்றங்கரை அதபாஸ்கப் பழங்குடித் தலைவர்கள் ஃபேர்பேங்க்ஸில் கூடி அரசுப் பிரதிநிதி ஜேம்ஸ் விக்கர்ஷாமைச் சந்தித்தார்கள். ரயில் வந்தால் வெள்ளையர் வந்து குவிவார்கள், அதற்குள் ஒதுக்கீட்டு நிலத்துக்குள் போய்விடுங்கள், அல்லது ஆளுக்கொரு மனை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள் என்றார் அவர். ஓரிடத்தில் அடைந்து கிடந்தால் நாங்கள் பிழைக்க முடியாது என்று ஒதுக்கீட்டு நிலத்தை மறுத்துவிட்டார்கள். வேட்டையும் மீனும் பருவத்துக்கு ஒரு பக்கம் கிடைக்கும்போது வேறென்ன சொல்வார்கள்?

ரயில் வந்தேவிட்டது. 1923 ஜூலை 15-இல் நெனானாவில், டனனா ஆற்றின் மேல் 700 அடி நீளத்துக்கு நடுவில் தூணே இல்லாமல் கட்டிய பாலத்தின் அருகே அதிபர் வாரன் ஹார்டிங் தங்க ஆணி அடித்தார். பதவியில் இருக்கும்போதே அலாஸ்காவுக்கு வந்த முதல் அதிபர் அவர். திரும்பும் வழியில் ஆகஸ்ட் 2-இல் சான் பிரான்சிஸ்கோவில் இறந்துபோனார்.

அப்போது பயணம் இரண்டு நாள். இரவில் கரி என்ற இடத்தில் ரயில் நின்றுவிடும். அங்கிருந்த ஒரே ஓட்டலும் ரயில்வேயுடையதுதான். தங்குவதைத் தவிர வேறு வழியில்லை! (நல்ல வியாபார உத்தி. 1957-இல் அந்த ஓட்டல் எரிந்துபோனது.) அப்படியும் 1930களின் பிற்பகுதி வரை ரயில்வே லாபத்தைக் கண்ணால் பார்க்கவில்லை.

1935-இல் இந்த ரயிலில் வேறு விதமான குடும்பங்கள் வந்தன. பொருளாதார மந்தத்தில் நொடித்துப்போன மின்னசோட்டா, விஸ்கான்சின், மிச்சிகன் விவசாயிகள், சுமார் 200 குடும்பங்கள். மடனுஸ்கா பள்ளத்தாக்கில் நிலம் தருகிறோம் என்று அரசு அழைத்துவந்தது. கப்பலில் சூவர்ட், அங்கிருந்து ரயிலில் பால்மர். குழந்தை குட்டிகளோடு இறங்கியவர்களுக்கு வீடு இல்லை, கூடாரம்தான் இருந்தது. எந்த நிலம் யாருக்கு என்று சீட்டுக் குலுக்கினார்கள். தாக்குப்பிடிக்க முடியாமல் பலர் சில ஆண்டுகளில் திரும்பிவிட்டார்கள். தங்கியவர்களால்தான் பால்மர் விவசாய ஊரானது.

1964 நிலநடுக்கம் (அளவு 9.2) பாதையின் தென்பகுதியைச் சிதைத்தது. 1971-இல் ஆங்கரேஜுக்கும் ஃபேர்பேங்க்ஸுக்கும் நேர் நெடுஞ்சாலை முடிந்ததும் பயணிகளுக்கு ரயில் அவசியம் என்ற நிலை போய்விட்டது. 1985-இல் மத்திய அரசு ரயில்வேயை அலாஸ்கா மாநிலத்துக்கே 2.23 கோடி டாலருக்கு விற்றது. 1867-இல் ரஷ்யாவிடமிருந்து மொத்த அலாஸ்காவையும் வாங்கிய விலை 72 லட்சம் டாலர்! அன்றைய டாலர் வேறு, இன்றைய டாலர் வேறு என்றாலும் வேடிக்கைதான்.

சொகுசுக் கப்பலில் வரும் சுற்றுலாக் கூட்டம்தான் இன்று கண்ணாடிப் பெட்டிகளை நிரப்புகிறது. ஆனால் டல்கீட்னாவுக்கு வடக்கே ஹரிக்கேன் வரை 55 மைல் போய்த் திரும்பும் ஒரு சின்ன ரயிலும் ஓடுகிறது. வழியில் சாலை இல்லாத காட்டு வீடுகள். அங்கே ஸ்டேஷன் கிடையாது. தண்டவாளத்து ஓரம் நின்று துணியை ஆட்டினால் டிரைவர் நிறுத்துவார். மளிகை மூட்டை, நாய், குழந்தைகள் எல்லாம் ஏறிய பிறகு ரயில் கிளம்பும்.