கட்டியிலிருந்து கழன்ற செல்

மார்பகக் கட்டியிலிருந்து ஒரு செல் கழன்று ரத்தத்தில் கலக்கிறது. பிடிக்காமல் விட்டால் அது எலும்பிலோ ஈரலிலோ போய் ஒட்டிப் புதுக் கட்டியாக வளரக்கூடும். பிடிப்பதோ எளிதல்ல. ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் சிவப்பணுக்கள் மட்டும் சுமார் 500 கோடி. நாம் தேடும் செல் அதில் ஒன்றிரண்டு இருந்தாலே அதிகம். ஆஸ்திரேலியாவில் தாமஸ் ஆஷ்வொர்த் 1869-இல் இப்படிப்பட்ட செல்களைப் பார்த்து எழுதினார். அவர் பார்த்தது இறந்துபோன நோயாளியின் ரத்தத்தில்.

2007-இல் பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் மெஹ்மெட் டோனரின் குழு இந்தச் செல்லின் பாதையில் ஒரு சிலிக்கான் சில்லை வைத்தது. அதில் 78,000 நுண்தூண்கள். ஒவ்வொன்றின் மேலும் எப்கேம் என்ற புரதத்தைப் பற்றும் ஆன்டிபாடிப் பூச்சு. சிவப்பணுவில் எப்கேம் கிடையாது. கட்டியிலிருந்து வந்த செல்லில் உண்டு. ரத்தத்தை மணிக்கு ஒன்றிரண்டு மில்லிலிட்டர் வேகத்தில்தான் செலுத்தினார்கள். வேகம் கூடினால் தூணில் ஒட்டிய செல்லை ஓட்டமே பிய்த்துக்கொண்டு போய்விடும். சுனிதா நாக்ரத் முதல் ஆசிரியராக வெளியிட்ட அந்த ஆய்வில் 116 ரத்த மாதிரிகளில் 115-இல் செல் அகப்பட்டது.

ஆனால் இடம்பெயரும் புற்றுச் செல்கள் சில எப்கேமையே உதறிவிடுகின்றன. அவை தூண்களுக்கு நடுவே தப்பிப் போய்விடும். அகப்பட்டதையும் தூணிலிருந்து சேதமில்லாமல் பெயர்த்தெடுப்பது பெரும்பாடு.

2013-இல் அதே குழு வழியை மாற்றியது. அரிசியில் கல் அரிக்கும்போது கல்லை யாரும் தேடுவதில்லை. அரிசியை அலசி நகர்த்துகிறோம், கல் தங்குகிறது. ‘சிடிசி-ஐசிப்’ என்ற அவர்களின் புதிய சாதனம் செய்வதும் அதுதான். முதலில் வெள்ளையணுக்களின் மேல் நுண்காந்த மணிகளை ஒட்டிவிடுகிறார்கள். பிறகு ரத்தம், வரிசைக்கு வரிசை சற்றே விலகி நிற்கும் தூண்களிடையே புகுகிறது. சிறிய சிவப்பணுவும் தட்டணுவும் தூண்களை வளைத்துக்கொண்டு ஓட்டத்தோடு போய்விடும். பெரிய செல் ஒவ்வொரு தூணிலும் முட்டி முட்டிப் பக்கவாட்டில் ஒதுங்கும். 2004-இல் பிரின்ஸ்டனில் செய்து காட்டிய உத்தி இது. பார்க்கச் சாதாரணம்; எனக்கு இந்தச் சாதனத்திலேயே மிகப் பிடித்த பகுதி. அடுத்து வரும் வளைந்த கால்வாய் செல்களை ஒற்றை வரிசையாக்குகிறது. கடைசியில் காந்தம் வெள்ளையணுக்களை ஒருபக்கம் இழுத்துக்கொள்ள, புற்றுச் செல் மறுபக்கம் உயிரோடு வெளியேறுகிறது.

உயிரோடு கிடைப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 2014-இல் மார்பகப் புற்றுள்ள ஆறு பெண்களின் செல்களை ஆய்வகத்தில் வளர்த்துவிட்டார்கள். முதல் கட்டியில் இல்லாத மரபணு மாற்றங்கள் சில செல்களில் புதிதாகத் தோன்றியிருந்தன. ஈஸ்ட்ரோஜன் ஏற்பிக்கான மரபணுவில் நேர்ந்த மாற்றம் அவற்றில் ஒன்று. ஹார்மோன் மருந்துகள் குறிவைப்பதும் அந்த ஏற்பி சார்ந்த வழியைத்தான். எந்த மருந்துக்கு இவை மடிகின்றன என்று தட்டில் வைத்தே சோதிக்க முடிந்தது. எல்லோருடைய செல்லும் இப்படி வளர்ந்து கொடுக்கவில்லை. வளர்ந்தவையும் மாதக்கணக்கில் எடுத்துக்கொண்டன. முற்றிய நோயோடு இருப்பவருக்கு அது நீண்ட காலம்.