பதினைந்து பேர் மூவரான கதை

கொழும்புத் துறைமுகத்தை ஒட்டிக் கொட்டாஞ்சேனையின் ஓரமாக இருக்கிறது கொச்சிக்கடை. புனித அந்தோனியார் திருத்தலத்தால் உலகறிந்த இடம். பரதர், கொழும்புச் செட்டிகள், பறங்கியர், சிங்களக் கத்தோலிக்கர், மலாயர் என்று பலரும் நெருங்கி வாழ்ந்த வட்டாரம் இது. இங்கே கல்யாண வீட்டுக்கு மேற்கத்திய வாத்தியக் குழுவை அமர்த்துவது புதுமையல்ல. ஆயினும் அந்தக் குழுக்களின் கதை தமிழில் அதிகம் எழுதப்படுவதில்லை.

ஸ்விங் என்பது அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஜாஸிலிருந்து கிளைத்த நடன இசை. 1935 முதல் 1946 வரை அதன் பொற்காலம் என்பர். முழுக் குழுவுக்குச் சுமார் 15 பேர் வேண்டும். ட்ரம்பெட், ட்ரொம்போன், சாக்ஸபோன் என மூன்று அணிகள். பின்னால் பியானோ, கிற்றார், டபிள் பேஸ், ட்ரம்ஸ். ஓர் அணி கேட்க மற்றோர் அணி பதில் சொல்லும். இரு தவில்காரர் மாறி மாறி வாசிப்பதைக் கேட்டுப் பழகிய நமக்கு இதை ரசிப்பது கடினமல்ல.

கப்பல்களும் பெரிய ஹோட்டல்களும் இந்த இசையைக் கீழை நாடுகளுக்குக் கொண்டுவந்தன. சிக்காகோவில் பெயரெடுத்த பியானோக் கலைஞர் டெடி வெதர்ஃபோர்ட் ஷாங்காய், பம்பாய், கொழும்பு, கல்கத்தா என்று ஊர் ஊராக வாசித்தவர். 1945இல் கல்கத்தாவில் வாந்திபேதி அவரைக் கொண்டுபோயிற்று.

பிறகு யுத்தம். 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. 1944இல் மவுண்ட்பேட்டன் தமது தலைமையகத்தைக் கண்டிக்கு மாற்றினார். படையினருக்காகத் தொடங்கிய றேடியோ சியாக் நிலையத்தின் ஒலிபரப்புச் சாதனங்கள் பின்னர் இலங்கை வானொலியின் கைக்கு வந்தன. ஹோட்டல் வாசலை மிதிக்க முடியாதவனும் வீட்டிலிருந்தே நடன இசை கேட்கும் காலம் பிறந்தது.

ஆனால் 15 பேருக்குக் கூலி கொடுப்பது யாருக்கும் சுமைதான். அமெரிக்காவில் 1944இல் நடன விடுதிகள் மீது 30 வீத வரி விழுந்தது. அதே ஆண்டில் அது 20 ஆகக் குறைக்கப்பட்டது. 1946 டிசம்பரில் பென்னி குட்மன், டொமி டோர்சி, ஹரி ஜேம்ஸ் போன்றோரே குழுக்களைக் கலைத்தனர். இலங்கையில் கூலியோடு இன்னொன்றும் சேர்ந்தது. 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தபின் பறங்கியர் பெருந்தொகையாக அவுஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டனர். நடனக் குழுக்களில் அவர்களுக்குப் பெரும் பங்கு இருந்தது. இசைக்குறிப்பைத் தாளில் பார்த்து வாசிக்கத் தெரிந்தவர்கள் குறைந்தால் முழுக் குழு நிற்காது. அந்தச் சட்டத்தைப் பற்றிப் பேசுவோர் உத்தியோகம் போனதைச் சொல்வர். ட்ரம்பெட் போனதைச் சொல்வதில்லை.

1963இல் டியூக் எலிங்டன் தமது முழுக் குழுவோடு கொழும்புக்கு வந்தார். அமெரிக்க அரசின் செலவு. நம்முடைய கல்யாண வீடுகளோ மூன்று நான்கு கிற்றார்க்காரரை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தன. லொஸ் கபலெரோஸ், லா சிலோனியன்ஸ் போன்ற கலிப்சோக் குழுக்களின் காலம் அது. போர்த்துக்கேயரும் காப்பிலியரும் விட்டுச் சென்ற பைலாத் தாளத்தின் மேல் தமிழ்ச் சொற்களும் ஏறின. நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே' பட்டிதொட்டியெல்லாம் ஒலித்தது. ஏ.ஈ. மனோகரனின் 'சுராங்கனி' கடல் கடந்து தமிழகத்தையும் ஆடவைத்தது. பொப் இசை என்று முகம் சுளித்தவர்களும் உண்டு. என்னைக் கேட்டால், ஈழத்தமிழர் தம் பேச்சு வழக்கைக் கூச்சமின்றிப் பாடியது அங்கேதான்.

1983 ஜூலையில் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் தமிழர் வீடுகள் எரிந்தன. இம்முறை போனவர்கள் வாத்தியக்காரர் மட்டுமல்லர். அவர்களை அழைத்துக் கூலி கொடுத்தவர்களும். ஊரடங்கு இருக்கும் நகரத்தில் இரவு நடனம் ஏது?

2019 ஏப்ரல் 21, மீண்டும் ஓர் ஈஸ்டர் ஞாயிறு. அந்தோனியார் கோவிலுக்குள்ளேயே குண்டு வெடித்தது. ஜூன் 12இல் கோவில் மீண்டும் திறக்கப்பட்டது, மறுநாள் திருவிழா. ஆண்டுதோறும் அந்த நாளில் அந்தோனியாரின் திருச்சொரூபம் கொட்டாஞ்சேனைத் தெருக்களில் பவனி வரும்.

டொரொண்டோவிலும் லண்டனிலும் இன்று நம்மவர் கல்யாணங்களில் விருந்து முடியும் வேளையில் பைலா கேட்பார்கள். ஒருவர் கீபோட்டை முடுக்குவார். ட்ரம்பெட், ட்ரொம்போன், சாக்ஸபோன் எல்லாம் அதற்குள்ளேயே இருக்கின்றன.